போணிக் காசு

மந்தைவெளி
14.6.1998

அன்புள்ள தம்பி வெள்ளைத்துரைக்கு,

டாட்டூ கடையில் கிரெடிட் கார்டு வாங்கலாமா, ரொக்கம் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக வணிகவியல் கற்பிக்கிறேன். என் பாடப்புத்தகம் எதிலும் டாட்டூ கடை இல்லை.

நான் சுகம். உன் மஞ்சள் காமாலை முற்றிலும் போய்விட்டதா? போன வருடம் படுத்த மாதிரி இன்னொரு முறை படுத்தால் மஸ்கட்டில் உன் கம்பெனிக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள்.

நேற்று தி. நகர் போய்க் கடையைப் பார்த்துவிட்டு வந்தேன். மகேஷின் பட்டுப்புடவைக் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறை. நீ கொண்டுவந்த மெஷின், சாய்வு நாற்காலி, சுவர் முழுக்க உன் மனைவி வரைந்த படங்கள். ஓவியக் கல்லூரியில் படித்தவள் என்பது தெரிகிறது. பச்சை குத்துவது என்று சொன்னால் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதவர்கள், டாட்டூ என்றால் எண்ணூறு கொடுக்கிறார்கள். விளம்பரக் கம்பெனிப் பிள்ளைகளிடம் கார்டு இருக்கிறது, பையில் பணம் இல்லை. பெண்கள் ரொக்கமாகத்தான் கொடுக்கிறார்கள். கார்டு கணக்கு மாதாமாதம் தபாலில் வீட்டுக்கு வரும். அதைப் பிரிப்பவர் கணவரோ அப்பாவோ. ஆகவே கார்டு வாங்கினால் ஒரு கூட்டம் வரும், இன்னொன்று போகும். எது பெரிய கூட்டம் என்று ஒரு மாதம் பார்த்தால்தான் தெரியும்.

அனுப்ரியா இளைத்திருக்கிறாள். நீ கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சண்முகவடிவு

*

மஸ்கட்
1.7.1998

அன்பு அக்காவுக்குத் தம்பி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது. காமாலை போன இடம் தெரியவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

நீ கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலை அதுவல்ல. ரொக்கம் என்றால் அவள் சொல்வதுதான் கணக்கு. கார்டு என்றால் சீட்டு சொல்வது கணக்கு. நான் இத்தனை தொலைவில் உட்கார்ந்துகொண்டு எதை நம்புவது? அப்பா கல்லாவை விட்டு எழுந்து சாப்பிடப் போனதே இல்லை, நினைவிருக்கிறதா?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. திசையன்விளையில் பக்கத்து வீட்டு ஜானுதான் எழுப்பி உட்காரவைக்கிறாள். அவள் மகளுக்குத் தையில் பிரசவம். அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். எனவே நான் முடிவு செய்துவிட்டேன். தைக்குள் கடை தன் காலில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தால் அது நடக்கட்டும், அம்மாவை உன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். தெரியவில்லை என்றால் கடையை மூடிவிட்டு அனுப்ரியா ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கும் இதை எழுதிவிட்டேன். உன் அபிப்பிராயம் என்ன?

உன் முழங்கால் வலிக்கு இங்கிருந்து தைலம் அனுப்புகிறேன்.

தம்பி
வெள்ளைத்துரை

*

மந்தைவெளி
26.7.1998

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது. உன் சுகத்தை எழுது.

டாட்டூ கடைக்குக் கார்டு தேய்க்கும் மெஷின் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு தொழில் அவர்கள் பட்டியலில் இல்லையாம். மகேஷ் ஒரு வழி சொன்னான். வாடிக்கையாளரைக் கீழே கூட்டிவந்து அவன் புடவைக் கடை மெஷினிலேயே கார்டைத் தேய்ப்பது. வங்கி எடுத்துக்கொள்வது போக மிச்சத்தை அவன் உன் கணக்கில் போடுவது. தி. நகரில் பாதிக் கடைகள் இப்படித்தான் செய்கின்றன. சீட்டில் புடவைக் கடைப் பெயர்தான் வரும்.

நான் இருக்கும்போதே மயிலாப்பூரிலிருந்து மதுவந்தி என்று ஒரு பெண் வந்தாள். வங்கி அதிகாரியின் மனைவி, முப்பது வயதிருக்கும். தோள்பட்டையில் சின்னதாக ஒரு மீன் வேண்டுமாம்.

"ஆத்துல தெரிஞ்சா கொன்னுடுவார். ஆனா எங்கிட்ட பணமா இல்லை, அவர் வாங்கிக் குடுத்த கார்டுதான் இருக்கு. டாட்டூன்னு போட்டு வந்துடுமா?"

"வராதுங்க. புடவைக் கடைன்னுதான் வரும்," என்றாள் அனுப்ரியா.

"அப்போ பெரிய மீனாவே போடுங்கோ."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஒன்று கவனித்தேன். காலையில் முதல் ஆளிடம் மட்டும் உன் மனைவி கார்டு வாங்குவதில்லை. "போணி அண்ணா, ரொக்கமா குடுங்க," என்கிறாள். கடை வைத்த வீட்டில் பிறந்தவள், அது புரிகிறது. ஆனால் அந்தக் காசைக் கல்லாவில் போடவில்லை. கண்ணில் ஒற்றி, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, முருகன் படத்துக்குப் பின்னால் வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். என் வீடு மாடியில் இருக்கிறது. படிக்குக் கைப்பிடி கிடையாது.

அக்கா

*

மஸ்கட்
14.8.1998

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அவ்வாறே இருப்பாய்.

மகேஷ் இரண்டு முறை பணம் போட்டிருக்கிறான். இப்போதுதான் ஒரு தொழில் நடக்கிறது என்ற எண்ணம் வருகிறது. இனிமேல் கார்டு மட்டும்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். போணிக்கு மட்டும் ரொக்கம் என்று அடம் பிடிக்கிறாள். சரி, வாங்கட்டும், வாங்கியதை வாரக் கணக்கில் எழுதட்டும்.

உன் வீட்டுப் படிக்குக் கைப்பிடி வைக்க என்ன ஆகும் என்று விசாரி. பணம் நான் தருகிறேன்.

தம்பி

*

மந்தைவெளி
27.9.1998

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்குக் காரணம் காய்ச்சல். இப்போது இல்லை. நீ வெளியில் வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்தினாயா?

போன வாரம் நடந்ததை மகேஷ் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். மதுவந்தியின் கணவர் ஸ்ரீவத்சன் கார்டுக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு புடவைக் கடைக்கு வந்தார். கூடவே அவளும். சனிக்கிழமை, கடை நிறையக் கல்யாணக் கூட்டம். நான் அப்போதுதான் படியிறங்கி வந்தேன்.

"ஜூலையில இங்க ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு இவ புடவை வாங்கிருக்கா. பீரோவுல இல்லை. என்ன புடவை, என்ன கலர், சொல்லுங்கோ."

மகேஷ் என்னைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த புடவைகளை நான் பார்த்தேன்.

"அரக்கு கலர் சார்," என்றான் மகேஷ்.

"இவ பச்சைங்கறா."

அந்தப் பெண் வீட்டிலேயே ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "யாருக்குக் குடுத்தே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். புடவை விரிக்கும் பையன்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அவள் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, முந்தானையை எடுத்து, ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கி அந்த மீனைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்குப் புடவையே பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆட்டோவுக்கு அவளிடம் காசு இல்லை. நான் கொடுத்தேன்.

டாட்டூ என்றே சீட்டில் வந்திருந்தால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள். புடவை என்று வந்ததால்தான் மாட்டிக்கொண்டாள். இதை வகுப்பில் சொல்ல முடியாது.

அதன் பிறகு பெண்கள் கார்டை நீட்டுவதில்லை. ரொக்கத்தோடு வருகிறார்கள், நீ கார்டு மட்டும் என்று சொன்னதால் அனுப்ரியா திருப்பி அனுப்புகிறாள். ரொக்கம் வாங்க அனுமதித்தால் அறை நிறையும். இது என் கணிப்பு அல்ல, படியில் இறங்கிப் போகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

அந்த மஞ்சள் முடிச்சு பற்றிக் கேட்டேன். சொன்னாள். "அவங்களுக்கு மட்டும் எழுதிராதீங்க மைனி, சொல்லிட்டா பலிக்காது," என்றாள். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஊருக்குப் போனா என் கை மரத்துப் போயிரும் மைனி," என்றும் சொன்னாள். ஊசி பிடித்திருந்த கையைக் காட்டினாள். நடுங்கவே இல்லை.

அக்கா

*

மஸ்கட்
12.10.1998

அக்காவுக்கு,

சுகம். காய்ச்சலோடு கல்லூரிக்குப் போகாதே.

பலிக்காது என்றால் என்ன பலிக்காது? எனக்குத் தெரியாமல் என் கடையில் என்ன வேண்டுதல்? நீ என் அக்காவா, அவள் அக்காவா?

மகேஷ் போடும் பணம் பாதியாகிவிட்டது. ரொக்கம் வாங்கினால் அறை நிறையும் என்கிறாய். நிறையும். அவள் பை நிறையும். போணிக் காசையும் எழுது என்று சொன்னேன், ஒரு வாரம்கூட எழுதவில்லை.

எங்கள் கம்பெனி கபாலி லீவில் வருகிறான். உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு காலையில் போய் முதல் ஆளாக உட்காரச் சொல்லியிருக்கிறேன். ரொக்கமாகக் கொடுப்பான். அது அந்த வாரக் கணக்கில் வருகிறதா என்று பார்க்கிறேன். வந்தால் ரொக்கமும் வாங்கட்டும், கடையும் நடக்கட்டும். வராவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவளிடம் சொல்லாதே.

கைப்பிடி பற்றி நீ எழுதவே இல்லை.

வெள்ளைத்துரை

*

மந்தைவெளி
8.11.1998

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. சாப்பிட்டேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் எடை கூடியிருக்கிறதா?

கபாலி செவ்வாய்க்கிழமை காலை வந்தார். எனக்கு அன்று கல்லூரி இல்லை, கடையில்தான் இருந்தேன். நல்ல வாயாடி.

"இன்னா அண்ணி, மஸ்கட்டுல ஒட்டகம் பாத்துப் பாத்து போரடிச்சிப் போச்சு. தேளு கீதா? அத்த குத்து."

"வலிக்கும் அண்ணா."

"எங்க மேனேஜர் கொட்டாததா? நீ குத்து."

முழங்கைக்குக் கீழே தேள். வாலை வளைத்து அவள் போட்ட விதம் அழகு. அவர் வலியில் முருகனைத் தவிர எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். யார், எங்கிருந்து என்று அவள் கேட்டபோது மஸ்கட்டில் உன் கம்பெனி என்றே சொன்னார். அவள் முகம் மாறியது. காபி வாங்கிவரச் சொன்னாள். உன் உடம்பு எப்படி, கண் மஞ்சளாக இருக்கிறதா, ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டாள். கடைசியில் பணம் வாங்க மறுத்தாள். அவர் விடவில்லை. "போணி வேற ஆவலன்றே. புடி," என்று ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையில் திணித்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் எதற்காக வந்தார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. முடிச்சு எதற்காக என்று உன்னிடமும் சொல்லவில்லை. நீ சொல்லாதே என்றாய், அவளும் சொல்லாதே என்றாள். இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வலி அதிகம். நானே இந்தப் படியில் ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறேன்.

அக்கா

*

மஸ்கட்
25.11.1998

அக்கா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

வாரக் கணக்கு வந்தது. தேள் இல்லை. மீன், பூ, ஒரு பெயர், எல்லாம் இருக்கிறது, தேள் மட்டும் இல்லை. என் நண்பன், என் ஆள் என்று தெரிந்தும் அந்தக் காசை எடுத்திருக்கிறாள் என்றால் மற்றவர்கள் காசு எவ்வளவு போயிருக்கும்?

போதும். மெஷினையும் நாற்காலியையும் ஆழ்வார்பேட்டையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் குல்ஷன் மேடம் கேட்கிறார்கள். பேசிவிட்டேன். தை முடியும் முன் அனுப்ரியா திசையன்விளை போகட்டும். இதில் நான் அறியாதது ஏதாவது இருந்தால் உடனே எழுது. நீ எழுதினால் யோசிப்பேன். இல்லை என்றால் அம்மா உனக்குப் பாரமாக வரமாட்டாள், கவலைப்படாதே.

வெள்ளைத்துரை

*

மந்தைவெளி
4.1.1999

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் டிசம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் வேலை. அதன் பிறகு மார்கழிப் பனியில் இருமல். இப்போது பரவாயில்லை. நீ சௌக்கியமாக இருப்பாய்.

நீ அறியாதது ஒன்று இருக்கிறது. தொண்ணூற்றேழில் உனக்குக் காமாலை முற்றி, இனிச் சொல்வதற்கில்லை என்று கபாலி ஃபோன் செய்தாரே, அன்று அனுப்ரியா திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நீ எழுந்து நடந்தால், கடை திறந்த முதல் வருடத்துப் போணிக் காசு முழுவதும் அவருக்கு. உனக்காக வேண்டியதை உன்னிடம் சொன்னால் பலன் போய், நோய் திரும்பும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை இல்லை. கபாலியின் ஐந்நூறு ரூபாயும் அந்த மஞ்சள் துணியில்தான் இருக்கிறது. மாசியில் கொண்டுபோய்ச் செலுத்துவதாக இருந்தாள்.

நான் உனக்கு இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். படங்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

அக்கா

*

மஸ்கட்
20.1.1999

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இருமலுக்குக் கஷாயம் குடி.

எனக்காக என்று எழுதியிருக்கிறாய். சரி. நல்ல எண்ணம்தான். ஆனால் குல்ஷன் மேடத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஜானுவிடமும் ஆள் வருகிறது என்று சொல்லியாயிற்று. நீ டிசம்பரில் எழுதியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். 31ஆம் தேதி மெஷினை எடுக்க வருவார்கள். அன்று மாலையே பஸ். டிக்கெட் மகேஷ் எடுத்துவைத்திருக்கிறான்.

அந்த முடிச்சில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுது. இங்கே நண்பர் ஒருவர் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்கிறார். சாமிக்கு அடுத்த லீவில் நானே செய்துகொள்கிறேன்.

உன் தம்பி
வெள்ளைத்துரை

*

மந்தைவெளி
1.2.1999

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மறுநாள் நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் தி. நகர் போனேன். குல்ஷன் இரண்டு ஆட்களோடு காரில் வந்தார். "செக்கா, கேஷா?" என்று கேட்டார். "செக்கே குடுங்க மேடம். அவர் பேர்ல," என்றாள் அனுப்ரியா. ஆட்கள் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பெண் ஒருத்தி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"அக்கா, இங்க கார்டு வாங்குவீங்களா, கேஷ் மட்டும்தானா?"

"ரெண்டும் வாங்குறது இல்லம்மா."

அந்தப் பெண் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

பிறகு நான் முடிச்சைக் கேட்டேன். 

"அவங்களுக்கு எழுதிட்டீங்களா மைனி?"

"எழுதினேன்."

"எப்ப?"

"மாசத் தொடக்கத்தில்."

"அதுக்கப்புறம் லெட்டர் வந்துச்சா?"

"நேற்று வந்தது."

"உடம்புக்கு ஏதாவதுன்னு எழுதலையே?"

"நலம் என்று எழுதியிருக்கிறான்."

"அப்ப சரி," என்று படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கீழே மகேஷிடம் எண்ணச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சாமி காசு அக்கா. நான் தொட மாட்டேன்." ஆகவே நானே அவன் கடைப் பாயில் உட்கார்ந்து, பிரித்து, எண்ணினேன். மொத்தம் எவ்வளவு என்று தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பணத்தை உறையில் போட்டு ஒட்டி மகேஷின் கல்லாவில் வைத்தேன். இன்று உன் கணக்கில் கட்டிவிடுவான், உறையை மட்டும் தொட்டால் போதும்.

மாலை எழும்பூரில் பஸ் ஏற்றிவிட்டேன். அம்மாவின் மருந்துப் பெயர்களைச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்தத் துணி?" என்றாள். என் கைப்பையில்தான் கிடந்தது. கொடுத்தேன். ஆட்டோக்காரர் திருப்பிக் கொடுத்த ஒரு ரூபாயை அதில் வைத்து, மடியிலேயே முடிந்துகொண்டாள்.

யாருக்கு என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை.

நான் சுகம். உன் சுகத்தை உடனே எழுது.

அக்கா
சண்முகவடிவு